கடலோர ஜெபமுகாம் ஊரின் வரலாற்றை எழுதுவது எப்படி: ஓஷன் குரோவ் வழியே ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், நியூயார்க்குக்குத் தெற்கே அட்லாண்டிக் கரையில், வடக்கே வெஸ்லி ஏரியும் தெற்கே பிளெட்சர் ஏரியும் எல்லையாக அமைந்த சிறிய ஊர் ஓஷன் குரோவ். 1869-இல் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த சில போதகர்களும் விசுவாசிகளும் கோடைக்காலத்தில் கூடாரமடித்து ஜெபிக்கத் தொடங்கிய அந்த இடத்தில், இன்றும் ஆண்டுதோறும் மே மாதத்தில் 114 கூடாரங்கள் எழுகின்றன. செப்டம்பரில் அவை பிரித்து வைக்கப்படுகின்றன. இத்தகைய ஊர்கள் அமெரிக்கக் கரையோரங்களில் வேறு பலவும் உண்டு. அவற்றுள் ஒன்றின் வரலாற்றை எழுத விரும்புவோர் எங்கே தொடங்க வேண்டும், எந்த ஆவணத்தை எப்படிப் படிக்க வேண்டும், எந்த இடத்தில் தவறக்கூடும் என்பனவற்றை ஓஷன் குரோவையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவ்வகை ஊர்களைப் பற்றி எழுதுவோரில் பெரும்பாலோர் விக்டோரியா காலத்து மரவீடுகளின் அழகிலிருந்தோ, பிரசங்கிகளின் புகழிலிருந்தோ தொடங்குகிறார்கள். நான் நிலத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். வீடு யாருடையது, வீடு நிற்கும் மண் யாருடையது என்ற இரண்டு கேள்விகளுக்கும் வெவ்வேறு விடை கிடைக்கும் ஊர் இது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டங்கள், மது விலக்கு, நீதிமன்ற வழக்குகள், புயலுக்குப் பிந்தைய நிவாரணச் சிக்கல் ஆகிய அனைத்தும் அந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைத்தவை.

முதலில் சாசனமும் குத்தகையும்

1870 மார்ச் 3 அன்று நியூஜெர்சி சட்டமன்றம் ஓஷன் குரோவ் முகாம் கூட்டச் சங்கத்துக்குச் சாசனம் வழங்கியது. 13 போதகர்கள், 13 பொதுவிசுவாசிகள் என 26 அறங்காவலர்களைக் கொண்ட அச்சங்கமே நிலம் முழுவதற்கும் உரிமையாளர். வீடு கட்ட வந்தவர்களுக்கு மனை விற்கப்படவில்லை. 99 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கத்தக்க குத்தகையாகவே கொடுக்கப்பட்டது. வீட்டை விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். ஆனால் கைமாறுவது கட்டடமும் குத்தகை உரிமையும் மட்டுமே, மண் சங்கத்திடமே இருக்கும். இந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது.

ஆகவே ஆய்வின் முதல் வேலை, சாசனத்தின் முழு வாசகத்தையும் சங்கத்தின் விதிகளையும் ஒரு பழைய குத்தகைப் பத்திரத்தின் படியையும் கையில் எடுத்து வைத்துக்கொள்வதாகும். அவற்றைச் சட்ட நூலாகப் படிக்காமல், ஊர் மக்களின் நடைமுறையைக் காட்டும் சாளரமாகப் படியுங்கள். எதைச் செய்யக் கூடாது என்று ஒரு விதி சொல்கிறதோ, அதைச் செய்ய விரும்பியவர்கள் அங்கே இருந்தார்கள் என்பது பொருள். ஒரே தடை ஆண்டுக்கு ஆண்டு திரும்பத் திரும்ப அறிவிக்கப்பட்டிருந்தால், அது மதிக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். மது விற்கத் தடை, ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டத் தடை, அன்று கடலில் குளிக்கத் தடை என ஒவ்வொன்றையும் அது முதலில் தோன்றிய ஆண்டு, திருத்தப்பட்ட ஆண்டு, கைவிடப்பட்ட ஆண்டு ஆகியவற்றோடு தனித்தாளில் குறித்துக்கொள்வது பின்னால் பெரிதும் உதவும்.

பத்திரங்களைத் தேடும்போது பொறுமை வேண்டும். ஓஷன் குரோவ், மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவான மன்மத் கவுண்டியைச் சேர்ந்தது. அக்கவுண்டியின் தலைநகரான ஃப்ரீஹோல்டில் நிலப்பதிவுகளும், மனலாபனில் உள்ள கவுண்டி ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவேடுகளும் உள்ளன. ஆனால் சாதாரண ஊரில் கிரயப் பத்திரங்களை அடுக்கிப் பார்த்து ஒரு வீட்டின் கதையைச் சொல்வதுபோல இங்கே சொல்ல முடியாது. மண்ணின் உரிமையாளர் மாறுவதே இல்லை என்பதால், குத்தகை யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு மாறியது என்பதையே பின்தொடர வேண்டியிருக்கும்.

முகாம் கூட்டம் என்பது எங்கிருந்து வந்தது

ஊர் தோன்றுவதற்கு முந்தைய எழுபது ஆண்டுகளை இரண்டு பக்கங்களில் சொல்லிவிடலாம். ஆனால் சொல்லாமல் விட்டால் கூடாரம் ஏன் வந்தது என்பதே வாசகருக்கு விளங்காது. 1801-இல் கென்டக்கியின் கேன் ரிட்ஜில் ஆயிரக்கணக்கானோர் வண்டிகளிலும் கூடாரங்களிலும் நாள்கணக்கில் தங்கிப் பிரசங்கம் கேட்ட எழுப்புதல் கூட்டம், எல்லைப்புற மக்களிடையே இவ்வழக்கத்தை நிலைநிறுத்தியது. தேவாலயமும் தங்கும் விடுதியும் இல்லாத காட்டுப் பகுதியில் அது தேவையால் விளைந்த முறை. மெதடிஸ்டுகள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மார்த்தாஸ் வினியார்டு தீவில் 1835-இல் தொடங்கிய வெஸ்லியன் குரோவில், கூடாரங்கள் நாளடைவில் சின்னஞ்சிறு மரவீடுகளாக மாறின. இன்று ஓக் பிளஃப்ஸில் நெருங்கி நிற்கும் அவ்வீடுகளின் முகப்பை உற்றுப் பார்த்தால், கூடாரத்தின் வாயில் எப்படி மரக்கதவாக உருமாறியது என்பது கண்ணுக்கே தெரியும்.

உள்நாட்டுப் போருக்குப் பின் நிலைமை மாறியது. நகரங்களில் வருவாய் பெருகிய மெதடிஸ்டுக் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்ற புதிய வசதியும், அதை எங்கே கழிப்பது என்ற புதிய மனச்சங்கடமும் ஒன்றாகவே வந்தன. ஓஷன் குரோவுக்குச் சில மைல் வடக்கே இருந்த லாங் பிராஞ்ச், சூதாட்டத்துக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் பேர்போன செல்வந்தர் கடற்கரை. அங்கே போகவும் மனம் இல்லை, வெயிலில் நகரத்திலேயே வாடவும் மனம் இல்லை என்றிருந்தவர்களுக்கு, ஜெபமும் கடற்காற்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஊர் ஒரு விடையாக அமைந்தது. 1867-இல் நியூஜெர்சியின் வைன்லாந்தில் நடந்த பரிசுத்தத்துக்கான தேசிய முகாம் கூட்டம் இதற்கு உடனடி முன்னோடி. பரிசுத்தமாகுதல் என்ற போதனையை முதன்மைப்படுத்திய அவ்வியக்கத்தைப் புரிந்துகொள்ளாமல், ஓஷன் குரோவைப் பக்தியின் பெயரால் நடந்த மனைத் தொழில் என்று எழுதிவிடுவோர் உண்டு. அது அநியாயமான வாசிப்பு என்பது என் கருத்து. வாடகையும் குத்தகைத் தொகையும் அங்கே உண்டு. ஆனால் லாபத்தைப் பெருக்க விரும்பியவர் எவரும் கோடைக் கூட்டம் அலைமோதும் ஞாயிற்றுக்கிழமையில் ஊர்வாயிலை அடைத்து வைத்திருக்க மாட்டார்.

தொடக்கக் கதையை எப்படி எடுத்தாள்வது

ஒவ்வொரு ஊருக்கும் தன் பிறப்பைப் பற்றிய கதை ஒன்று இருக்கும். இங்கே அது இப்படிச் சொல்லப்படுகிறது: வில்லியம் ஆஸ்போர்ன் என்ற போதகர் கடற்கரை நெடுக இடம் தேடிவந்து, மரநிழலும் உயர்ந்த மணல்மேடும் கொண்டதும் கொசுத்தொல்லை இல்லாததுமான இந்த இடத்தைத் தேர்ந்தார், 1869 ஜூலை 31 அன்று மாலை ஒரு கூடாரத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சிறு குழுவினர் கூடி முதல் ஜெபக்கூட்டம் நடத்தினர், அவர்களுள் இருந்த எல்வுட் ஸ்டோக்ஸ் சங்கத்தின் முதல் தலைவராகி 1897-இல் இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார்.

இத்தகைய கதையை அப்படியே திருப்பிச் சொல்லவும் கூடாது, ஐயத்தோடு ஒதுக்கவும் கூடாது. ஒரு தாளை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் அந்த ஆண்டிலேயே எழுதப்பட்ட ஆவணம் சொல்வது; இரண்டாவதில் ஸ்டோக்ஸ் காலத்துச் சங்கத் தலைவரின் ஆண்டறிக்கைகள் சொல்வது; மூன்றாவதில் பிற்கால நினைவுமலர்களும் சுற்றுலா ஏடுகளும் சொல்வது. மூன்றிலும் ஒத்துவரும் செய்தியை உறுதியோடு எழுதலாம். மூன்றாவதில் மட்டும் தோன்றும் நயமான விவரத்தை, மரபாகச் சொல்லப்படுவது என்ற குறிப்போடு எழுதலாம். கொசு இல்லை என்ற செய்தியை மெய்யா பொய்யா என்று ஆராய்வதைவிட, 1870-களில் குடும்பத்தோடு கூடாரத்தில் தங்க வருவோரை அழைக்க அது எவ்வளவு வலுவான சொல்லாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

ஊரின் செல்லப்பெயரையும் இதே முறையில் சோதித்துப் பாருங்கள். கடவுளின் சதுர மைல் என்று ஓஷன் குரோவை அழைப்பார்கள். வரைபடத்தில் அளந்தால் அது அரைச் சதுர மைலைக்கூட எட்டாது. அந்தப் பெயரைக் கட்டுரையிலிருந்து நீக்க வேண்டியதில்லை. அளவையும் பக்கத்திலேயே எழுதிவிட்டால் போதும்.

தொடக்கக் கதையில் அயலாரையும் மறவாமல் சேர்க்க வேண்டும். நியூயார்க்கில் தூரிகை உற்பத்தி செய்துவந்த ஜேம்ஸ் பிராட்லி, ஓஷன் குரோவில் மனை எடுத்த முதல் சிலருள் ஒருவர். வெஸ்லி ஏரிக்கு வடகரையில் இருந்த நிலத்தை யார் வாங்குவார்களோ, எத்தகைய அயல் வந்து வாய்க்குமோ என்ற கவலையின் நடுவே அவரே ஏறத்தாழ 500 ஏக்கர் வாங்கி, 1871-இல் ஆஸ்பரி பார்க் என்ற ஊரை நிறுவினார். மெதடிஸ்டு ஆயரான பிரான்சிஸ் ஆஸ்பரியின் பெயர் அது. பின்னாளில் அவ்வூர் கேளிக்கைக்கும் இசைக்கும் புகழ்பெற்றது. ஒரு குறுகிய ஏரியின் இருகரையிலும் இருவேறு கோடைக்காலங்கள் நடந்த கதை அது. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை எழுத முடியாது.

நடந்து பார்க்க வேண்டியவை

ஆவணங்களுக்குள் ஆழ்வதற்கு முன் ஊரை ஒருமுறை நடந்து அளப்பது நல்லது. தெருப்பெயர்கள் ஒரு வேதபாடம் போலவே இருக்கும்: கர்மேல், எர்மோன் என்று வேதாகம மலைகளின் பெயர்கள், பிட்மன், எம்பரி, ஹெக் என்று அமெரிக்க மெதடிசத்தின் முன்னோர் பெயர்கள். ஊரின் கூட்டங்கள் நடக்கும் பெரிய அரங்கத்தின் அருகே 1870-இல் தோண்டிய கிணற்றுக்குப் பெயெர்செபா என்று பெயரிட்டார்கள். ஆபிரகாமின் கிணற்றை நினைந்து வைத்த பெயர். வறண்ட மணலில் நல்ல தண்ணீர் கிடைத்ததை அவர்கள் எப்படி உணர்ந்தார்கள் என்பதை அந்த ஒரு பெயரே சொல்லிவிடுகிறது.

கடலை நோக்கிச் செல்லும் தெருக்களில் நின்று இருபுறமும் வீடுகளின் வரிசையைப் பாருங்கள். கடலுக்கு அருகே செல்லச் செல்ல ஒவ்வொரு வீடும் முந்தையதைவிடச் சற்றே பின்வாங்கிக் கட்டப்பட்டிருக்கும். தெரு கடலின் பக்கம் புனல்போல விரியும். முன்வரிசை வீட்டுக்காரர் மட்டும் கடலையும் காற்றையும் தடுத்துக்கொள்ளக் கூடாது, பின்னால் இருப்பவரின் திண்ணைக்கும் அவை போய்ச்சேர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. மனைகளைத் தனித்தனியே விற்றிருந்தால் இது நிலைத்திருக்குமா என்பது ஐயமே. மண் ஒரே கையில் இருந்ததால் கிடைத்த நன்மை என்று இதைக் குறிக்க வேண்டும். அதே ஒற்றை உரிமை விளைத்த சிக்கல்களைப் பின்னால் எழுதப்போகிறோம் என்பதால், நன்மையை இங்கே நேர்மையோடு பதிவுசெய்வது கடமை.

அடுத்து, கூடாரங்கள். அரங்கத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் தோளோடு தோள் உரசி நிற்கும் இவற்றுள் ஒன்றை நின்று நிதானித்துப் பாருங்கள். தரை மரப்பலகை மேடை. முன்பகுதி முழுவதும் கித்தான். வாயிலுக்கு மேல் கோடுபோட்ட துணிப்பந்தல், அதன்கீழ் இரண்டு நாற்காலி, பூந்தொட்டி. பின்பகுதியில் கித்தான் போய் ஒரு சிறு மரக்கொட்டகையோடு இணைகிறது. சமையலும் குளியலறையும் அதற்குள். கோடை முடிந்ததும் கித்தானைக் கழற்றி, கட்டிலையும் மேசையையும் அந்தக் கொட்டகைக்குள்ளேயே அடுக்கிப் பூட்டிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் சென்றால் வெறும் மேடையும் பூட்டிய கொட்டகைகளும் மட்டுமே தெரியும். பக்கத்துக் கூடாரத்தின் இருமல் கேட்கும் நெருக்கத்தில் தலைமுறைகளாக ஒரே குடும்பங்கள் கோடை கழித்துவருகின்றன. முன்பு சுமார் 600 இருந்தவை இன்று 114 ஆகக் குறைந்திருக்கின்றன. எந்தக் கூடார மனை எந்த ஆண்டில் வீட்டுமனை ஆயிற்று என்பதை வரைபடங்களை வைத்துத் தடம்பிடிப்பது அருமையான தனி ஆய்வாக அமையும்.

அதற்குச் சான்பார்ன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்கள் கைகொடுக்கும். கட்டடத்தின் வடிவம், மாடிகளின் எண்ணிக்கை, கட்டுமானப் பொருள் ஆகியவற்றை அவை வண்ணத்தாலும் குறிகளாலும் காட்டுகின்றன: மஞ்சள் என்றால் மரம், இளஞ்சிவப்பு என்றால் செங்கல். நியூஜெர்சியின் சான்பார்ன் வரைபடங்கள் பலவற்றைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகம் மின்வடிவில் வைத்திருக்கிறது. அவற்றை விரிக்கும்போது ஊர் ஏறத்தாழ முழுவதும் மஞ்சளாகத் தெரியும். நெருங்கிய மரவீடுகள் நிறைந்த ஊருக்குத் தீ எவ்வளவு பெரிய அச்சமாக இருந்திருக்கும் என்பது அந்த ஒரு நிறத்தில் புலப்படும். 1878-இல் வெளிவந்த நியூஜெர்சிக் கடற்கரை நிலப்பட ஏடு ஒன்றும் தொடக்ககால மனைப் பிரிப்பைக் காட்டும்.

பருவகால ஊர் என்ற கண்ணி

இப்போது ஆய்வாளர்கள் அடிக்கடி தவறும் இடத்துக்கு வருகிறோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பி ஓஷன் குரோவில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்று எழுதப் போனால், கிடைக்கும் எண் எதைக் குறிக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 1880-இலும் 1900-இலும் ஜூன் 1. 1910-இல் ஏப்ரல் 15. 1920-இல் ஜனவரி 1. 1930-இல் ஏப்ரல் 1. ஆகஸ்டில் நிரம்பி வழியும் ஊரை இவற்றுள் எதுவும் பார்க்கவில்லை. நானும் தொடக்கத்தில் 1910, 1920 ஆகிய இரண்டு ஆண்டுகளின் தாள்களை அடுத்தடுத்து வைத்து, பத்தாண்டில் ஊர் எப்படி மாறியது என்று ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டேன். ஒன்று வசந்தத்தின் கணக்கு, மற்றொன்று உறைபனிக்காலத்தின் கணக்கு என்பது பிறகே உறைத்தது. அந்தப் பக்கத்தை முழுவதுமாக நீக்க நேர்ந்தது. 1890-ஆம் ஆண்டுத் தாள்களோ 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் பெரும்பாலும் அழிந்துபோயின. 1885, 1895, 1905, 1915 ஆகிய ஆண்டுகளில் நியூஜெர்சி மாநிலம் தனியே எடுத்த கணக்கெடுப்பு அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

கணக்கெடுப்பு வீணானது என்பதல்ல இதன் பொருள். குளிர்காலத்திலும் ஊரிலேயே தங்கியவர் யார் என்பதை அதைப்போலத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறில்லை. கோடை வாழ்வுக்கோ செய்தித்தாள்களிடம் போக வேண்டும். ஊருக்கென்றே வெளிவந்த ஏடுகள் வந்திறங்கியவர்களின் பெயர்களை வாரந்தோறும் பட்டியலிட்டன. அண்டை ஊர்களின் ஏடுகளும் நியூயார்க் ஏடுகளும் வேறு பார்வையைத் தரும். எழுத்தாளர் ஸ்டீபன் கிரேன் ஆஸ்பரி பார்க்கில் வளர்ந்தவர். அவருடைய அண்ணன் டவுன்லி, நியூயார்க் டிரிப்யூன் ஏட்டுக்குக் கடற்கரைச் செய்திகளை அனுப்பிவந்தார். இளைஞரான ஸ்டீபனும் கோடைகளில் அவருக்காக எழுதினார். அவர்களின் தந்தை மெதடிஸ்டுப் போதகர். தாய் மேரி ஹெலன் கிரேன் பெண்களின் மதுவிலக்கு இயக்கத்தில் முனைந்து உழைத்தவர். ஒரே குடும்பத்தில் இயக்கத்தின் நம்பிக்கையும் அதை வெளியிலிருந்து நோக்கும் கண்ணும் சேர்ந்திருந்ததை இங்கே காண்கிறோம். சங்கத்தின் ஆண்டறிக்கையையும் அதே வாரத்து நகர ஏட்டையும் எப்போதும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

படங்களுக்குக் குறைவில்லை. புகைப்படக்காரர்களான பாக் குடும்பத்தினர் எடுத்த இரட்டைப் படங்கள் (கருவி வழியே பார்த்தால் ஆழத்தோடு தெரியும் ஜோடிப் படங்கள்) 1870-களின் கூடார வரிசைகளையும் கடற்கரைக் கூட்டங்களையும் காட்டுகின்றன. நியூயார்க் பொது நூலகத்தின் இரட்டைப்படத் தொகுப்பில் இத்தகையவற்றைக் காணலாம். தேதியிடாத படத்தின் காலத்தைக் கணிக்கச் சில அடையாளங்கள் போதும். இன்றைய பெரிய அரங்கம் தெரிந்தால் படம் 1894-க்குப் பிந்தையது. கடலை நோக்கி நிற்கும் ஸ்டோக்ஸ் சிலை தெரிந்தால் 1905-க்குப் பிந்தையது. அஞ்சலட்டை எனில் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு கிழித்துப் பிரித்திருந்தால் அது 1907 மார்ச்சுக்குப் பிறகு அச்சானது. அஞ்சல் முத்திரையின் தேதி அட்டை அனுப்பிய நாளைத்தான் சொல்லும். படம் எடுத்த நாள் பல ஆண்டு முந்தையதாகவும் இருக்கலாம்.

பெரிய அரங்கமும் பெரிய எண்களும்

1894-இல் கட்டிய அரங்கத்தைப் பற்றித் தனியே எழுத நிறைய இருக்கிறது. 225 அடிக்கு 161 அடி என்ற பரப்பில், 92 நாள்களில் எழுந்த மரக்கட்டடம் அது. 1908-இல் ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் அமைத்த பெரிய ஆர்கன் இன்றும் அங்கே ஒலிக்கிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள் பலர் அங்கே வந்திருக்கிறார்கள். கண்பார்வையற்ற பாமாலை ஆசிரியை ஃபேனி கிராஸ்பி அடிக்கடி வந்து தங்கினார். எனினும் புகழ்பெற்றோர் பட்டியலை நீட்டும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. ஒரு நாள் வந்து பேசிப்போனவரைவிட, நாற்பது கோடைகள் அதே பெஞ்சில் அமர்ந்து பாடியவரே ஊரின் வரலாறு. வந்தோரின் எண்ணிக்கையிலும் விழிப்பாக இருங்கள். தொடக்கத்தில் ஏறத்தாழ 10,000 பேர் அமரலாம் என்று சொல்லப்பட்ட அரங்கத்தில் இன்றைய இருக்கைகள் 6,000-க்குச் சற்று மேல். ஒரு கூட்டத்துக்கு இத்தனை ஆயிரம் பேர் வந்ததாக அறிக்கை சொன்னால், எண்ணியவர் யார், எப்படி எண்ணினார் என்று கேட்ட பிறகே அதை எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையும் நீதிமன்றமும்

வாசகர் மறக்காமல் நினைவில் வைத்திருக்கும் பகுதி இதுவாகத்தான் இருக்கும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக, சனிக்கிழமை நள்ளிரவில் ஊரின் வாயில்களில் சங்கிலி பூட்டப்பட்டது. ஞாயிறு முழுவதும் தெருக்களில் வண்டி ஓடக் கூடாது, நிறுத்தியும் வைக்கக் கூடாது. வண்டி வைத்திருந்தோர் முந்தைய இரவே அவற்றை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டனர். அந்த ஓய்வுநாளின் அமைதியைப் பற்றிப் பழைய குடியிருப்பாளர்கள் பேசும்போது அவர்கள் குரலில் தெரியும் ஏக்கம் உண்மையானது, அதைப் பதிவுசெய்யுங்கள். அதே விதியால் இடர்ப்பட்டவர்களின் குரலையும் பதிவுசெய்யுங்கள்.

இவ்விதிகளை நடைமுறைப்படுத்தச் சங்கத்துக்கு மாநிலச் சட்டம் அதிகாரம் தந்திருந்தது. சங்கத்துக்கெனக் காவலர்களும் நீதிமன்றமும் இருந்தன. 1920-இல் ஓஷன் குரோவ் தனி நகராட்சியாக்கப்பட்டது. நீதிமன்றத் தீர்ப்பினால் அடுத்த ஆண்டே அந்த ஏற்பாடு ஒழிந்து, சங்கத்தின் ஆட்சி மீண்டும் தொடர்ந்தது. பிறகு 1970-களில் வந்த இரண்டு வழக்குகளின் தீர்ப்புகளை முழுமையாகப் படிக்கப் பரிந்துரைக்கிறேன். 1977-இல் ஞாயிறு அதிகாலையில் செய்தித்தாள் கொண்டுவருவது பற்றி எழுந்த வழக்கில், நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் செய்தித்தாள் வண்டிக்கு மட்டும் விலக்கு அளித்து, ஞாயிறு விதியைப் பொதுவில் நிலைக்க விட்டது. 1979-இல் போக்குவரத்துக் குற்றம் தொடர்பான வழக்கொன்றில் அதே நீதிமன்றம், ஒரு மத அமைப்பிடம் காவல், நீதி, சட்டமியற்றல் ஆகிய அரசு அதிகாரங்களை ஒப்படைப்பது அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. வாயிற்சங்கிலிகளின் காலம் அத்தோடு முடிந்தது. ஆட்சிப் பொறுப்பு, ஓஷன் குரோவ் அடங்கிய நெப்டியூன் நகராட்சியின் கைக்குச் சென்றது. மண்ணோ சங்கத்திடமே நின்றது.

இந்த இடத்தில் பல எழுத்தாளர்கள் கதையை முடித்துவிடுகிறார்கள். முடிக்காதீர்கள். அரசதிகாரம் போன பின்னும் நிலவுரிமை நிலைத்ததால் கேள்விகள் வேறு வடிவில் தொடர்ந்தன. 2007-இல் கடற்கரை மண்டபத்தில் ஒருபாலினத்தவர் இணைவுச் சடங்கு நடத்த இடம் மறுக்கப்பட்டபோது, பொதுமக்களுக்குத் திறந்திருப்பதாகக் கூறிப் பெற்ற வரிவிலக்கு அம்மண்டபத்துக்கு நிறுத்தப்பட்டது. மறுப்பு பாகுபாடே என்று 2012-இல் நீதிபதி ஒருவர் தீர்மானித்தார். அதே ஆண்டு அக்டோபரில் சாண்டி புயல் பலகை நடைபாதையைச் சிதைத்தபோது, அது தனியார் அமைப்பின் பொழுதுபோக்கு வசதி என்ற காரணத்தால் மத்திய நிவாரண நிதி முதலில் மறுக்கப்பட்டு, முறையீட்டுக்குப் பின்னரே கிடைத்தது. ஞாயிறு முற்பகலில் கடற்கரையை மூடிவைத்துவந்த வழக்கத்தைக் குறித்து மாநிலச் சுற்றுச்சூழல் துறையோடு எழுந்த பூசலும் இந்த வரிசையில் வருவதே. ஒவ்வொன்றையும் எழுதும்போது, சங்கம் தன் நிலைப்பாட்டை எந்தச் சொற்களில் விளக்கியது, எதிர்த்தோர் எந்தச் சொற்களில் வாதிட்டனர் என்பதை இருவர் வாயாலும் சொல்லவிடுங்கள்.

ஏடுகளில் பெயர் இல்லாதவர்கள்

வந்து இறங்கிய விருந்தினர்களின் பட்டியல் ஏடுகளில் உண்டு. அவர்களுக்குச் சமைத்தவர், துவைத்தவர், படுக்கை விரித்தவர் பெயர் அங்கே இராது. ஆஸ்பரி பார்க்கின் மேற்குப் பகுதியில் வாழ்ந்த கறுப்பின உழைப்பாளிகளின் கரங்களால்தான் இருகரை விடுதிகளும் பெரிதும் இயங்கின. 1880-களில் பிராட்லி அவர்களைக் கடற்கரையிலிருந்து ஒதுக்க முற்பட்டதும், அவர்கள் வெளிப்படையாக எதிர்த்ததும் அக்கால ஏடுகளில் பதிவாகியுள்ளன. கணக்கெடுப்புத் தாள்களில் தொழில் என்ற பத்தியை வரிவரியாகப் படித்தால், விடுதிப் பணியாளர், சலவைத் தொழிலாளி, வண்டியோட்டி என்று இம்மக்கள் தோன்றத் தொடங்குவார்கள். விடுதிகளைச் சொந்தமாக நடத்திய பெண்களும், விதவைகள் பலரும், அதே தாள்களில்தான் கிடைப்பார்கள்.

ஒப்பிட விரும்பினால் ஊர்களைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். டெலவேரில் 1873-இல் மெதடிஸ்டு முகாமாகத் தொடங்கிய ரெகொபோத் கடற்கரையும், கலிபோர்னியாவில் 1875-இல் தோன்றிய பசிபிக் குரோவும், நியூஜெர்சியிலேயே 1879-இல் மெதடிஸ்டுப் போதகர்களான சகோதரர்கள் நிறுவிய ஓஷன் சிட்டியும் இன்று பெரும்பாலும் சாதாரணக் கடற்கரை நகரங்கள். அவை மாறியதற்கும் ஓஷன் குரோவின் சாயல் நிலைத்ததற்கும் பக்தியின் ஏற்றத்தாழ்வைக் காரணமாகக் கூறுவது எளிது. ஒவ்வோர் ஊரிலும் மனை விற்கப்பட்டதா, குத்தகைக்கு விடப்பட்டதா என்று பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வாருங்கள்.

மெதடிஸ்டு சபையின் மையக் காப்பகம் நியூஜெர்சியின் மாடிசனில் உள்ள ட்ரூ பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. ஓஷன் குரோவ் வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகம் ஊருக்குள்ளேயே பிட்மன் தெருவில் இருக்கிறது. இரண்டுக்கும் முன்கூட்டியே எழுதி, என்ன தேடுகிறீர்கள் என்பதை ஆண்டும் பெயரும் குறித்துத் தெளிவாகச் சொன்னால் உதவி எளிதில் கிடைக்கும். கூடாரவாசிகளிடம் பேச விரும்பினால், வாயிலில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதற்காகப் படமெடுக்கத் தொடங்காதீர்கள். அந்தப் பந்தல்தான் அவர்களின் முன்கூடம். ஆகஸ்டில் முகாம் கூட்டம் நடக்கும் வாரத்தில் ஒருமுறையும், பிப்ரவரியில் கொட்டகைகள் பூட்டிக் கிடக்கும்போது ஒருமுறையும் சென்று, இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்று குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள்.